செவியின் தீர்ப்பு



இரண்டு பொருள்களில் எது நீளமானது என்று கேட்டால், அளவுகோலை எடுத்து வைத்து விடை சொல்லிவிடலாம். எது கனமானது என்று கேட்டால், அதற்குத் தராசு இருக்கிறது. ஆனால், இரண்டு கருவிகளில் எது நன்றாக ஒலிக்கிறது என்று கேட்டால் என்ன செய்வது? அங்கே அளவுகோலும் செவிதான், தராசும் செவிதான், தீர்ப்புக் கூறுவதும் செவிதான். வழக்கில் சாட்சியாக நிற்பவனே நீதிபதியின் இருக்கையிலும் அமர்ந்துகொண்டால் நீதி நிலைக்குமா? நிலைக்கச் செய்ய வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை காண மனிதன் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் முயன்றிருக்கிறான். அம்முயற்சியின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன். காதின் வாயிலில் தொங்காமல், செவித்துளைக்குள்ளேயே சென்று இறுகப் பொருந்தும் இயர்போனைத்தான் கூறுகிறேன். மேடைப் பாடகரும் ஒலிப்பதிவாளரும் தம் தொழிலுக்குப் பயன்படுத்தும் உயர்தர வகையை 'இன்-இயர் மானிட்டர்' என்பர். இப்பேச்சில் அதனைச் செவியுட் கருவி என்று வழங்குவேன். சில நூறு ரூபாயிலும் இது கிடைக்கிறது. இலட்ச ரூபாயைத் தாண்டிய விலையிலும் கிடைக்கிறது. இலட்ச ரூபாய்க் கருவி ஆயிரம் ரூபாய்க் கருவியைக் காட்டிலும் நூறு மடங்கு நன்றாக ஒலிக்குமா? ஒலிக்கும் என்று ஒருவர் சாதிக்கிறார்; இல்லை என்று மற்றொருவர் மறுக்கிறார். இருவரும் சான்றாகக் காட்டுவது தத்தம் காதுகளையே. இவ்வழக்கைத் தீர்க்க வேண்டுமானால், முதலில் கருவி வளர்ந்த கதையையும், பின்னர் அதனை மதிப்பிடும் முறை வளர்ந்த கதையையும் அறிதல் வேண்டும்.

காதோடு கருவியை ஒட்டவைத்துக் கேட்கும் வழக்கம் தொலைபேசியோடு பிறந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். ஐந்தாண்டு கழித்து, 1881-இல், பாரிஸ் மாநகரில் ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடைபெற்றது. அப்போது கிளெமாங் அதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், அந்நகரத்து ஆபெரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்தார். மேடையில் எழுந்த இசை, இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்த பொருட்காட்சி மண்டபத்திற்குக் கம்பி வழியே சென்றது. அங்கே கேட்போர் காதுக்கொன்றாக இரண்டு தொலைபேசிகளைப் பிடித்துக்கொண்டு நின்றனர். மேடையின் இடப்புறத்து ஒலிவாங்கி ஒரு காதுக்கும் வலப்புறத்து ஒலிவாங்கி மறு காதுக்கும் இணைக்கப்பட்டிருந்தமையால், பாடகர் மேடையில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு நடந்து செல்வதையும் காதாலேயே உணர முடிந்தது. இன்று நீங்கள் 'ஸ்டீரியோ' என்று அழைப்பதன் முதல் விளக்கம் அதுவே.

பத்தாண்டு கழித்து, 1891-இல், எர்னஸ்ட் மெர்காதியே என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சிறிய இரட்டைக் கருவிக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார். அதன் எடை ஒன்றேமுக்கால் அவுன்சுக்கும் குறைவு. அதாவது ஏறக்குறைய 50 கிராம். அதன் முனைகள் செவித்துளைக்குள் செல்லுமாறு அமைந்திருந்தன. துளை உறுத்தாமல் இருக்கவும், வெளியோசை உள்ளே புகாமல் இருக்கவும் அம்முனைகளுக்கு ரப்பர் உறையிட்டார். இன்று கடையில் நீங்கள் வாங்கும் செவியுட் கருவியின் நுனியில் இருக்கும் மெத்தென்ற உறையும் இவ்விரண்டு பணிகளையே செய்கிறது. நூற்று முப்பதாண்டுகளுக்கு முன்னரே அடிப்படைக் கருத்து பிறந்துவிட்டது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

1910-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்டுவின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையிலேயே தலையில் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவிகளைச் செய்தார். அவற்றை அமெரிக்கக் கடற்படை சோதித்துப் பார்த்து வாங்கிக்கொண்டது. அக்கருவியில் ஒரு நுட்பம் இருந்தது. காந்த முனைகளுக்கு நடுவே, எப்பக்கமும் சாயாமல் சமநிலையில் நிற்கும் சிறிய இரும்பு நாக்கு ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது நாக்கு இப்பக்கமும் அப்பக்கமும் அசைகிறது. அவ்வசைவு ஒரு மெல்லிய தகட்டுக்குச் செல்ல, தகடு காற்றை அசைத்து ஒலி எழுப்புகிறது. இதனைச் சமநிலை ஆர்மேச்சர் என்பர். மிகச் சிறிய மின்சாரத்தில் இயங்குவதாலும், மிகச் சிறிய கூட்டுக்குள் அடங்குவதாலும், பின்னாளில் காது கேளாதோர் அணியும் கருவிகளில் இந்நுட்பமே இடம் பெற்றது.

மற்றொரு வகையும் உண்டு. அதில் கம்பிச்சுருள் மெல்லிய தகட்டோடு ஒட்டியே இருக்கும். காந்தப் புலத்தில் சுருள் அசையத் தகடும் உடன் அசையும். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியைச் சுருக்கிக் காதளவாகச் செய்தாற்போன்றது இது. ஜெர்மனியில் பேயர் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட டிடி 48 என்னும் தலைக்கருவி இவ்வகையில் முன்னோடியானது. இன்றைய செவியுட் கருவிகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டு வகைகளுள் ஒன்றையோ இரண்டையும் சேர்த்தோ பயன்படுத்துகின்றன. பொதுவாகச் சுருள் வகை மிருதங்கத்தின் தொப்பி போன்ற மந்தர ஒலிகளை எளிதில் தருகிறது என்றும், ஆர்மேச்சர் வகை நுண்ணிய உச்ச ஒலிகளைத் தெளிவாகத் தருகிறது என்றும் கூறுவர். ஆயினும் இதனை விதியென்று கொள்ளலாகாது. செய்பவன் கைத்திறமே இரண்டிலும் முடிவு செய்கிறது.

இனி, செவித்துளை என்னும் இடத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். இசைக்கவையைத் தட்டி, நீர் நிரப்பிய குழாயின் வாயிற் பிடித்து, நீர்மட்டத்தை மெல்லத் தாழ்த்தும் சோதனையை நான் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் வகுப்புத் தோறும் செய்து காட்டியதுண்டு. குறிப்பிட்ட ஓர் உயரத்தில் குழாயிலுள்ள காற்று இசைக்கவையோடு சேர்ந்து முழங்கும். ஒத்ததிர்வு என்று நீங்கள் பாடத்தில் படிப்பது அதுவே. நம் செவித்துளையும் அத்தகைய ஒரு குழாய்தான். அதன் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர். ஒரு முனை திறந்திருக்க, மறு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. ஆதலின் அது 3,000 ஹெர்ட்சுக்கு அண்மையிலுள்ள ஒலிகளோடு சேர்ந்து முழங்கி, அவற்றைப் பத்து டெசிபலுக்கு மேலும் உயர்த்திச் செவிப்பறையிற் சேர்க்கிறது. பிறந்த நாள் முதல் நாம் உலகத்து ஓசைகளையெல்லாம் இவ்வாறு உயர்த்தப்பட்ட வடிவத்திலேயே கேட்டுப் பழகியிருக்கிறோம்.

இத்துளையை ஒரு கருவி அடைத்துவிட்டால் என்ன ஆகும்? திறந்த குழாய் மூடிய குழாயாகிவிடுகிறது. இயற்கையான அம்முழக்கம் மாறிவிடுகிறது. எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகச் செவிப்பறைக்குத் தரும் கருவியை ஒருவர் செய்தால், அது நேர்மையாக ஒலிப்பதற்கு மாறாகப் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாகவே ஒலிக்கும். ஆகவே, காது இழந்ததைக் கருவி திருப்பித் தரவேண்டும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு கருவி செய்தவர் மீட் கில்லியன் என்னும் அமெரிக்க அறிஞர். காது கேளாதோர் கருவித் துறையிற் பழுத்த அனுபவம் உடையவர் அவர். 1983-இல் எடிமோடிக் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செவிப் பரிசோதனைக்கான கருவிகளைச் செய்த அந்நிறுவனம், 1991-இல் இசை கேட்பதற்கென்று ஈஆர்-4 என்னும் கருவியை வெளியிட்டது. காதுக்கு ஒரே ஒரு சிறிய ஆர்மேச்சர்தான் அதில் இருந்தது. ஆயினும் செவியுட் கருவிகளின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

ஏறத்தாழ அதே காலத்தில் மேடையிலும் ஒரு தேவை பிறந்தது. பெரிய இசைக்குழுக்களில் பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக, அவரை நோக்கி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டிருக்கும். முரசின் ஓசைக்கு மேலாகத் தம் குரல் கேட்கவேண்டும் என்று பாடகர் ஒலியை உயர்த்துவார். அதற்கு மேலாகத் தம் வாத்தியம் கேட்கவேண்டும் என்று வாசிப்பவர் உயர்த்துவார். இப்போட்டியில் தோற்றது இருவருடைய காதுகளுமே. வெளியோசையை அடைத்து, வேண்டிய ஒலியை மட்டும் மிதமாகக் காதுக்குள் தரும் முயற்சிகள் 1980-களில் வளர்ந்தன. வான் ஹேலன் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் ஒலிப்பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, அக்குழுவில் முரசு வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்த கருவியிலிருந்து, 1995-இல் அல்டிமேட் இயர்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. தையற்காரர் உடலளவு எடுப்பதுபோல், காதுக்குள் மென்பசையை ஊற்றி, அது இறுகியபின் எடுத்து, அவ்வச்சுக்கு ஏற்பக் கூடு செய்து தருவர். அக்கூட்டுக்குள் மந்தர ஒலிக்கு ஒன்றும் உச்ச ஒலிக்கு ஒன்றுமாகத் தனித்தனி ஒலிப்பான்களை வைத்தனர்.

இரண்டு என்பது மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று, பின்னர் ஒரு காதுக்குப் பன்னிரண்டு, பதினெட்டு ஒலிப்பான்கள் கொண்ட கருவிகளும் விற்பனைக்கு வந்தன. எண்ணிக்கை ஏறுந்தோறும் விலையும் ஏறியது. மறுபுறம், ஷென்ஹைசர் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஐஇ 900 என்னும் உயர்விலைக் கருவியில் 7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஓர் ஒலிப்பான்தான் இருக்கிறது. பதினெட்டும் சிறந்ததென்று போற்றப்படுகிறது. ஒன்றும் சிறந்ததென்று போற்றப்படுகிறது. ஆதலின் எண்ணிக்கையைக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. கேட்டுத்தான் தீர்ப்புக் கூறவேண்டும். எவ்வாறு கேட்பது? இங்கேதான் நம் வரலாற்றின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது.

ஒலிக்கருவியைப் பொதுமக்கள் முன்னிலையில் ஒப்பிட்டுக் காட்டும் பெருமுயற்சியை மேற்கொண்டவர் தாமஸ் ஆல்வா எடிசன். இளமையிலிருந்தே காது மந்தமாயிருந்த அவரே ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார் என்பது வியப்பான செய்தி. 1915 முதல் 1925 வரை அவருடைய நிறுவனம் அமெரிக்காவின் பல ஊர்களில் 'டோன் டெஸ்ட்' என்னும் ஒலித் தேர்வுகளை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி நிற்பார். அவர் அருகில் இசைத்தட்டுக் கருவி இருக்கும். பாடகி பாடுவார், பின்னர்ப் பாடுவதை நிறுத்துவார், தட்டு தொடர்ந்து பாடும். சில வேளை விளக்குகள் அணைக்கப்படும். மீண்டும் ஒளி வரும்போது மேடையில் பாடகி இருக்கமாட்டார். பாட்டு மட்டும் நடந்துகொண்டிருக்கும்! 1916-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் மேரி ராப்பல்டு என்னும் பாடகியைக் கொண்டு இத்தேர்வு நடைபெற்றது. குரலுக்கும் தட்டுக்கும் வேறுபாடே இல்லை என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. கேட்டோரிற் பலர் அதனை நம்பவும் செய்தனர்.

அக்காலத்துத் தட்டுகளை இன்று நாம் கேட்டால், அவற்றை உயிருள்ள குரலென்று ஒரு கணமும் மயங்கமாட்டோம். அவ்வாறாயின் அன்றைய மக்களின் செவி பழுதுற்றிருந்ததா? இல்லை, தேர்வுதான் பழுதுற்றிருந்தது. அத்தேர்வுகளில் பாடிய அன்னா கேஸ் என்னும் பாடகி, தம் குரலைத் தட்டின் குரலுக்கு ஒத்திருக்குமாறு அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் தாமே கூறினார். அன்றியும், வேறுபாடு தெரியாது என்று முன்கூட்டியே சொல்லி அழைத்து வரப்பட்ட கூட்டம் அது. தேர்வை நடத்தியவரோ கருவியை விற்பவர். மாணவர்களே, இந்நிகழ்ச்சி நமக்கு ஒரு நல்ல பாடம். செவி கேட்பதை மட்டும் கேட்பதில்லை. எதிர்பார்ப்பதையும் சேர்த்தே கேட்கிறது.

அடுத்த பாடம் பெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1933-இல் ஹார்வி பிளெச்சர், வில்டன் மன்சன் என்னும் இரு அறிஞர்கள், மனிதர்க்குக் கேட்புக் கருவிகளை மாட்டி, வெவ்வேறு அதிர்வெண்ணுடைய ஒலிகள் எப்போது ஒரே உரப்புடையனவாகத் தோன்றுகின்றன என்று அளந்தனர். ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது மந்தர ஒலிகளை மிகக் குறைவாகவே உணர்கிறது என்றும், ஒலியை உயர்த்த உயர்த்த மந்தரம் நிறைந்து தோன்றுகிறது என்றும் அவர்கள் கண்டனர். இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. ஒரே கருவியைச் சற்றே உரக்க ஒலிக்கச் செய்தால், கேட்பவர் அதனை உரத்தது என்று சொல்லமாட்டார்; நிறைவானது, செழுமையானது என்று சொல்லுவார். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது உரப்பைச் சமமாக்காவிட்டால், உரக்கக் கத்துபவனுக்கே பரிசு கிடைக்கும்.

மூன்றாம் பாடமும் அந்த ஆய்வுக்கூடத்தினதே. 1950-இல் மன்சனும் மார்க் கார்டனர் என்பவரும் ஓர் எளிய தேர்வு முறையை வெளியிட்டனர். கேட்பவருக்கு முதலில் 'அ' என்னும் ஒலி தரப்படும். பின்னர் 'ஆ' என்னும் ஒலி தரப்படும். மூன்றாவதாக ஓர் ஒலி தரப்படும். அது முன்னைய இரண்டில் எது என்று அவர் கூறவேண்டும், அவ்வளவே. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வாதத்திற்கு முன், வேறுபாடு உண்மையில் கேட்கிறதா என்பதையே இம்முறை கேட்கிறது. பின்னாளில் இசைக்கருவிகளை ஒப்பிடவும் இம்முறையைத் தழுவிய தேர்வுகள் பயன்பட்டன. ஒருமுறை சரியாகச் சொல்வது பெரிதன்று. நாணயத்தைச் சுண்டினாலும் பாதி விடை சரியாகிவிடும். பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது குருட்டு வாய்ப்பால் நேர்ந்திருக்கக்கூடியது நூற்றில் நான்குக்கும் குறைவு. கணக்கு மாணவர்கள் இதனை வீட்டில் செய்து பார்க்கலாம். கேட்டலைக் கணக்கோடு இணைத்தது இம்முறையின் பெருமை.

கண்ணும் காதைக் கெடுக்கும் என்பதை 1994-இல் பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர் தெளிவாக்கினர். ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய நாற்பது பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளை மதிப்பிடச் செய்தனர். ஒருமுறை திரைக்குப் பின்னாலும், ஒருமுறை கண்ணெதிரிலும். திரைக்குப் பின் இருந்தபோது மற்றவற்றோடு ஒப்பவே மதிப்புப் பெற்ற சிறிய, விலை குறைந்த கருவி, கண்ணுக்குத் தெரிந்தவுடன் மதிப்பில் இறங்கியது. பெரியனவும் அழகியனவும் ஏறின. கேட்டவர்கள் பாமரர் அல்லர். அத்துறையிலேயே பணி செய்தவர்கள். அறிவுடையோரையும் கண் இவ்வாறு ஆட்டுவிக்குமாயின், பெட்டியின் பளபளப்பையும் விலைச்சீட்டையும் பார்த்துவிட்டு ஒலியைப் பற்றி நாம் கூறும் தீர்ப்பின் தகுதி என்ன?

ஆனால் செவியுட் கருவிக்குத் திரை கட்டுவது எப்படி? கண்ணைக் கட்டினாலும், காதிற் செருகும்போதே கருவியின் எடையும் வடிவமும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதற்குள் முன் கேட்ட ஒலியின் நினைவும் மங்கிவிடும். இவ்விடர்ப்பாட்டைக் கடக்க ஹார்மன் நிறுவனத்தில் ஆலிவும் அவருடைய தோழர்களும் ஓர் உபாயம் செய்தனர். முப்பது வகைச் செவியுட் கருவிகளின் அதிர்வெண் இயல்பை முதலில் செயற்கைக் காதில் அளந்தனர். பின்னர், ஒரே ஒரு நல்ல கருவியைக் கேட்பவர் காதில் மாட்டி, அதனையே அம்முப்பதும்போல் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தனர். நாடகத்தில் ஒரே நடிகர் முப்பது வேடம் புனைந்தாற்போன்றது இது. பயிற்சி பெற்றோரும் பெறாதோருமாக 71 பேர் மதிப்பெண் இட்டனர். 2017-இல் வெளியான அதன் முடிவு இது: இருவகையினரும் பெரும்பாலும் ஒரே வகை ஒலியையே விரும்பினர். அந்நிறுவனம் முன்னரே வகுத்திருந்த ஒரு சமநிலைக் கோட்டிலிருந்து கருவி எவ்வளவு விலகியதோ, அவ்வளவு அது விருப்பத்தில் தாழ்ந்தது.

ஹார்மனும் கருவி விற்கும் நிறுவனமே. ஆதலின் எடிசன் கதையை நினைவிற் கொண்டு இதனையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும். அத்தேர்வு ஒலியின் சமநிலையை மட்டுமே சோதித்தது. கருவி காதில் வலியின்றி அமர்கிறதா, ஆண்டுகள் பல உழைக்கிறதா என்பனவற்றைச் சோதிக்கவில்லை. எனினும், விலையைப் பற்றிய வினாவுக்குத் தனியாக ஒரு விடையும் அதே 2017-இல் வந்தது. யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர், தலையில் மாட்டுவனவும் காதிற் செருகுவனவுமாக 283 கருவிகளின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் இயல்புக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்று அவர் எழுதினார். விலை உயர்ந்த கருவிகளெல்லாம் தீயவை என்பது இதன் பொருளன்று. விலைச்சீட்டைக் கொண்டு ஒலியை ஊகிக்க முடியாது என்பதே பொருள்.

செயற்கைக் காதைப் பற்றியும் ஒரு சொல். 1970-இல் ஜோசப் ஸ்விஸ்லாக்கி என்னும் அறிஞர் மனிதச் செவித்துளையின் இயல்பைப் போலச்செய்யும் உலோகக் குழாயை அமைத்தார். 1972-இல் நோல்ஸ் நிறுவனம் கெமர் என்னும் பெயருடைய தலையும் மார்பும் கொண்ட ஓர் உருவத்தைச் செய்தது. இன்று ஒரு கருவியின் ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் அளவீடுகள் இவற்றின் வழித்தோன்றல்களைக் கொண்டே செய்யப்படுகின்றன. அவை பலருடைய காதுகளை அளந்து கண்ட சராசரிக் காதுகள். சராசரிக் காது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. உங்கள் தலையில் இருப்பது உங்கள் காது. அதன் துளை நீண்டிருக்கலாம், குறுகியிருக்கலாம். கருவி சற்று ஆழமாகச் சென்றால் உச்ச ஒலிகளின் இயல்பு மாறும். துளை சரியாக அடைபடாவிட்டால் மந்தரம் ஓடிவிடும். ஆகவே அளவுக்கோடு நல்ல வழிகாட்டி. ஆனால் ஊர் வந்து சேர்வது உங்கள் காதிற்குள்தான்.

இதனை என் வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். விடுமுறைக்கு வந்த பேரனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் தத்தம் கருவியே சிறந்தது என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். மூன்று கருவிகளை வாங்கி, அவற்றிற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டேன். ஒவ்வொருவரும் கண்ணை மூடி அமர, மற்றொருவர் கருவியைக் காதிற் பொருத்தினார். எல்லோருக்கும் ஒரே வயலின் ஆலாபனையும் ஒரே தனியாவர்த்தனமும் ஒலிக்கச் செய்து, உரப்பையும் இயன்றவரை சமமாக்கினேன். ஒரு பையன், மூன்றனுள் மிக விலையுயர்ந்ததைக் கேட்டு, "மிருதங்கமே கேட்கவில்லை தாத்தா, தகர டப்பா மாதிரி இருக்கிறது" என்றான். அவன் காதைப் பார்த்தேன். ரப்பர் உறை அவன் துளைக்குச் சிறியதாக இருந்தது. பெரிய உறையை மாட்டினோம். மிருதங்கம் திரும்பி வந்துவிட்டது! சில ரூபாய் மதிப்புள்ள ரப்பர் துண்டு, பல ஆயிரம் ரூபாய்க் கருவியின் தலைவிதியை மாற்றியதை ஐவரும் கண்டனர். பெயர்களை வெளியிட்டபோது, தன் கருவியையே முதலாவதாகத் தேர்ந்தவர் இருவர்தாம். வீட்டில் செய்த இச்சிறு சோதனை விஞ்ஞானம் ஆகாது. ஆயினும் வாதம் அதோடு நின்றது.

ஆகவே, இரண்டு கருவிகளை ஒப்பிட விரும்பும் மாணவர் செய்யத்தக்கவை இவை. முதலாவது, உறை காதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, உரப்பைச் சமமாக்குங்கள். மூன்றாவது, நீங்கள் நன்கறிந்த பாட்டையே கேளுங்கள்; தம்புராவின் நாதம், பாடகரின் மெய்யெழுத்துகள், தாளத்தின் கூர்மை ஆகியவற்றைத் தனித்தனியே கவனியுங்கள். நான்காவது, பெயரும் விலையும் அறியாமல், பலமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். ஐந்தாவது, பிறர் கருத்தைக் கேட்குமுன் உங்கள் கருத்தை எழுதிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படையான ஒன்றை இறுதியாகக் கூறவேண்டும். கருவி கெட்டால் வேறு வாங்கலாம். காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் ஒரு வரையறையை அறிவித்தன. 80 டெசிபல் உரப்பில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது பெரியோர்க்கு எல்லை. சிறுவர்க்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் காலம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணிதான். செவியுட் கருவி வெளியோசையை அடைப்பதால், பேருந்திலும் ஒலியை உயர்த்தாமல் மெல்லக் கேட்கலாம். மேடைக் கலைஞர்க்கு அது பயன்பட்டதும் இக்காரணத்தாலேயே. அதனை உரக்க வைத்துக் கேட்பவர், குடையைப் பிடித்துக்கொண்டே மழையில் நனைபவரை ஒப்பர். சாலையைக் கடக்கும்போது மட்டும் அதனைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எடிசனின் அரங்கில் மக்கள் வியந்து கைதட்டிய நாள் முதல் இன்றுவரை, இவ்வரலாற்றில் கருவிகள் திருந்தியதைக் காட்டிலும் பெரிய செய்தி, கேட்கும் முறை திருந்தியதே. பெயரை மறைத்து, உரப்பைச் சமமாக்கி, பலமுறை கேட்டு, கணக்கிட்டுப் பார்த்த பின்பே தீர்ப்புக் கூறவேண்டும் என்பதை மனிதன் மெல்ல மெல்லக் கற்றான். சாட்சியே நீதிபதியாக இருக்கும் வழக்கில் நீதியைக் காப்பதற்கு அவன் கண்ட வழி அது. இயர்போன் வாங்குவதற்கு மட்டுமன்றி, ஒரு பேச்சாளரின் சொல்லையும், ஒரு விளம்பரத்தின் வாக்கையும், ஏன், நண்பனைப் பற்றிக் காதில் விழும் வதந்தியையும் மதிப்பிடுவதற்கும் அவ்வழி உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.